இண்டியானாவின் கொலம்பஸுக்குக் குடிவருகிறீர்களா? முதல் ஓராண்டுக்கான வழிகாட்டி

ஓஹையோவில் இருக்கும் கொலம்பஸ் வேறு, இது வேறு. டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து ஓஹையோ கொலம்பஸுக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டது. இரண்டு குழந்தைகளோடும் ஆறு பெட்டிகளோடும் அங்கே இறங்கி, இரவில் மூன்றரை மணி நேரத்துக்கும் மேலாக வண்டியில் வந்து சேர்ந்தார்கள்.

நம் கொலம்பஸ் இண்டியானா மாநிலத்தில், இண்டியானாபொலிஸுக்குத் தெற்கே ஐ-65 நெடுஞ்சாலையில் இருக்கிறது. பார்த்தாலமியு கவுண்டியின் தலைநகரம். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 50,000-ஐச் சற்றே தாண்டியது. பயணிகள் விமானத்தில் வருவதானால் இண்டியானாபொலிஸில்தான் இறங்க வேண்டும். டிக்கெட்டில் ஐஎன்டி என்று இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். தெற்கே லூயிவில் விமான நிலையமும் எட்டக்கூடிய தூரம்தான், டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் அதையும் பாருங்கள். வந்து இறங்கும்போது வாடகை வண்டி எப்படியாவது கிடைத்துவிடும். கொலம்பஸிலிருந்து விடிகாலை நாலு மணிக்கு விமான நிலையத்துக்குக் கிளம்புவதற்குத்தான் முன்கூட்டியே ஆள் சொல்லிவைக்க வேண்டும்.

இவ்வளவு சிறிய ஊரில் நம் ஆட்கள் இத்தனை பேர் எப்படி என்று முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தோன்றும். காரணம் கம்மின்ஸ். டீசல் எஞ்சின் செய்யும் இந்த நிறுவனத்தை 1919-ல் கிளெஸ்ஸி கம்மின்ஸ் இங்கேதான் தொடங்கினார். அவர் உள்ளூர் வங்கிக் குடும்பமான இர்வின் வீட்டில் கார் ஓட்டியவர், கைதேர்ந்த மெக்கானிக். முதலீடு செய்தவர் அவருடைய முதலாளி. அந்த நிறுவனத்தின் தலைமையகம் இன்றும் இதே ஊரில்தான் இருக்கிறது. இந்தியாவில் கம்மின்ஸின் பெரிய தளம் புனே என்பதால், இங்கே கடையிலும் பூங்காவிலும் தமிழைவிட மராத்தி அதிகம் காதில் விழும். அதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம். தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன, தேடினால் கிடைப்பார்கள். எப்படித் தேடுவது என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம்: காகித வேலை

வீட்டுக்கும் காருக்கும் முன்னால் சோஷியல் செக்யூரிட்டி எண், சம்பளத்துக்கும் வரிக்கும் கேட்கும் அரசாங்க அடையாள எண். வேலைக்கு வந்தவர் நாட்டுக்குள் நுழைந்து பத்து நாள் கழித்து சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போனால் சிக்கலில்லாமல் நடக்கும், அதற்குள் குடியேற்றத் துறையின் கணினியில் உங்கள் பதிவு ஏறியிருக்கும். பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) அச்சுப்பிரதி மூன்றும் கையில் இருக்கட்டும். எச்-4 விசாவில் வந்த மனைவிக்கோ கணவருக்கோ அந்த எண் கிடைக்காது. ஆனால் 'இவருக்கு எண் பெறும் தகுதி இல்லை' என்று அதே அலுவலகத்தில் ஒரு கடிதம் தருவார்கள். அதையும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். ஓட்டுநர் உரிமத்துக்குப் போகும்போது கேட்டால், திரும்ப ஒருமுறை வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.

வங்கிக் கணக்கு எங்கேயும் தொடங்கலாம். நான் சொல்வது உள்ளூர் கிரெடிட் யூனியனை, அதாவது உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு வங்கியை. சென்ட்ரா கிரெடிட் யூனியன் இந்த ஊரிலேயே கம்மின்ஸ் ஊழியர்களுக்காகத் தொடங்கப்பட்டது. அமெரிக்கக் கடன் வரலாறு எதுவும் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்கள் இங்கே புதியவர்கள் இல்லை. கொஞ்சம் பணத்தை ஈடாக வைத்து வாங்கும் கிரெடிட் கார்டை முதல் மாதமே வாங்கி, மாதா மாதம் மளிகைக்கு மட்டும் பயன்படுத்தி முழுசாகக் கட்டிவாருங்கள். ஆறு மாதத்தில் ஒரு கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண்) உருவாகிவிடும், அப்புறம் கார் கடனுக்கு வட்டி குறையும்.

மின்னஞ்சலில் வரும் மின்கட்டண ரசீது, வங்கிக் கடிதம், லீஸ் பத்திரம், எதுவாக இருந்தாலும் உங்கள் பெயரும் வீட்டு முகவரியும் இருப்பதை அச்செடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். வீட்டுக் கணக்குகளில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் எல்லாவற்றையும் வைத்தால், முகவரிச் சான்று கேட்கும்போது மற்றவர் தவிப்பார்.

வீடு பார்க்கும்போது

அபார்ட்மெண்ட் என்றால் பெரும்பாலும் ஓராண்டு லீஸ். நடுவில் காலி செய்தால் என்ன அபராதம் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குடிபுகும் நாளில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, தேதியோடு மின்னஞ்சலில் வீட்டு நிர்வாகத்துக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் முதல் வீட்டில் கம்பளத்தில் முன்பே இருந்த கறைக்கு எங்களிடம் காசு கேட்டார்கள். வீடியோ இருந்ததால் தப்பித்தோம். காலி செய்யும்போது புதிய முகவரியை எழுத்தில் கொடுங்கள். இண்டியானா சட்டப்படி டெபாசிட்டையோ, பிடித்தம் செய்த கணக்கையோ 45 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும்.

தனி வீடு வாடகைக்கு எடுத்தால் புல் வெட்டுவது யார் பொறுப்பு, நடைபாதையில் பனி தள்ளுவது யார் பொறுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரலிலிருந்து புல் வாரா வாரம் வளரும்.

வெள்ளம் பற்றியும் விசாரியுங்கள். டிரிஃப்ட்வுட், ஃபிளாட்ராக் என்ற இரண்டு ஆறுகள் இந்த ஊரில்தான் சேர்ந்து வொயிட் ஆற்றின் கிழக்குக் கிளையாகின்றன. 2008 ஜூனில் பெருமழை பெய்து, ஹா கிரீக் ஓடை ஊருக்குள் புகுந்தது. கொலம்பஸ் ரீஜனல் மருத்துவமனையே மூழ்கி, நோயாளிகளை வெளியேற்ற வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்துதான் திறந்தார்கள். வீடு வாங்கும்போது மட்டுமல்ல, வாடகைக்கு எடுக்கும்போதும் அரசாங்கத்தின் வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

சமையலறையில் அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி வீட்டுக்குள்ளேயே விடுகிறதா என்றும் பாருங்கள். பல வீடுகளில் இரண்டாவதுதான். காய்ந்த மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அலறும். சன்னலைத் திறந்து, ஒரு சின்ன மேசை விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வைத்துவிட்டுத் தாளியுங்கள். குளிர்காலக் கோட்டுகள் இருக்கும் அலமாரிக் கதவைச் சமைக்கும்போது கண்டிப்பாக மூடிவையுங்கள். கோட்டில் ஏறிய எண்ணெய் வாசம் அந்தப் பருவம் முழுக்கப் போகாது.

கார், உரிமம்: இருவருக்கும்

இதை அழுத்திச் சொல்கிறேன். இந்த ஊரில் கார் இல்லாமல் வாழ்வது மிகவும் கடினம். பேருந்து இருக்கிறது. ஊரின் பெயரே 'பஸ்' என்று முடிவதால் சேவைக்கும் கொலம்பஸ் என்றே பெயர் வைத்து, கடைசி மூன்று எழுத்துகளைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். நல்ல ஓட்டுநர்கள், பயணச்செலவும் மிகக் குறைவு. ஆனால் குறிப்பிட்ட வழித்தடங்கள்தான், மாலைக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் நம்ப முடியாது. வேலைக்குப் போகிறவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால், வீட்டில் இருப்பவர் நாலு சுவருக்குள் அடைபட்டுவிடுவார். நான் வந்த முதல் ஏழு மாதம் அப்படித்தான் இருந்தேன். வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை, மளிகைக்கு வெளியே போவேன். அந்த ஏழு மாதத்தில் எனக்கு இந்த ஊர் பிடிக்கவே இல்லை. பிறகு யோசித்தால், ஊரையே நான் அதுவரை பார்க்கவில்லை. அதனால் உரிமத்துக்கு இருவரும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். 'முதலில் அவர், அடுத்த வருஷம் நான்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

இண்டியானாவில் குடியேறிய 60 நாட்களுக்குள் மாநில உரிமம் எடுக்க வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து காரோடு வந்தால் அதையும் அதே 60 நாட்களுக்குள் பதிய வேண்டும். போக வேண்டிய அலுவலகத்தை எல்லோரும் பிஎம்வி என்பார்கள். கண் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, பிறகு ஓட்டிக் காட்டுவது. இந்திய உரிமம் இருந்தாலும் இவற்றிலிருந்து விலக்கு இல்லை. ஆனாலும் அந்த உரிமத்தைக் கொண்டுபோங்கள், பயிற்சி அனுமதிக்குக் காத்திருக்கும் காலம் பற்றிக் கேட்கும்போது அது உதவும். எழுத்துத் தேர்வில் 50 கேள்விகள், அவற்றில் 16 சாலைக் குறிகள் பற்றியவை. மாநிலத்தின் கையேடு இலவசம். ஒருமுறை முழுசாகப் படித்தால் போதும், விடுகதைக் கேள்விகள் கிடையாது.

ஊரில் பத்து வருஷம் ஓட்டியவர்களும் இங்கே ஓட்டும் தேர்வில் தோற்பது மூன்று இடங்களில். ஸ்டாப் பலகையில் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும், மெதுவாக உருண்டு போனால் போதாது. தடம் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் போதாது, தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். அப்புறம், பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டு, பக்கவாட்டில் இருக்கும் ஸ்டாப் பலகையை நீட்டினால், எதிர்த் திசையில் வந்தாலும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்பு இருந்தால் மட்டும் எதிர்த் திசைக்கு விலக்கு. இந்தக் கடைசி விதியை மீறினால் அபராதத்தோடு போகாது, ஒரு குழந்தையின் உயிர் அது.

காப்பீடு கட்டாயம். சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் ஒருவர் காயத்துக்கு 25,000 டாலர், ஒரு விபத்துக்கு 50,000, பிறர் சொத்துக்கு 25,000. இது மிகக் குறைவு. என்னைக் கேட்டால் இதைப்போல நான்கு மடங்காவது எடுங்கள், மாதக் கட்டணம் அந்த அளவுக்கு ஏறாது.

இந்தப் பக்கத்துச் சாலைகளில் பெரிய அபாயம் மான்தான். அக்டோபர், நவம்பரில் அந்தி நேரத்திலும் விடியலிலும் சாலையைக் கடக்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வந்தால் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பாமல், நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக் போடுங்கள். திருப்பி மரத்தில் மோதுவதுதான் உயிருக்கு ஆபத்து.

மளிகை

பால், காய், அரிசிக்கு வால்மார்ட், குரோகர், ஆல்டி. ஆல்டியில் தள்ளுவண்டி எடுக்க 25 சென்ட் நாணயம் போட வேண்டும், திருப்பி வைத்தால் நாணயம் வெளியே வரும். காரில் ஒன்று எப்போதும் கிடக்கட்டும். விலைச்சீட்டில் வரி சேர்ந்திருக்காது. மாநில விற்பனை வரி 7 சதவீதம், ஆனால் அரிசி, பருப்பு, காய்கறி போன்ற சமைக்காத உணவுக்கு வரி இல்லை.

இட்லி அரிசி, உளுந்து, புளி, நல்லெண்ணெய், வெற்றிலை, முருங்கைக்காய் என்று முழுப் பட்டியலோடு வாங்க கிரீன்வுட், இண்டியானாபொலிஸ் பக்கம் போகலாம். கிரீன்வுட் பாதி வழியைத் தாண்டியதும் வரும், அங்கே பஞ்சாபிக் குடும்பங்கள் அதிகம். நாங்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போவோம். அதே நாளில் கோயிலையும் சேர்த்துக்கொள்வோம். இண்டியானாபொலிஸின் கிழக்கே இருக்கும் மத்திய இண்டியானா இந்துக் கோயில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெரியது. பிரசாதம் வாங்கிவிட்டுத் திரும்பும்போது கடையில் கறிவேப்பிலை வாங்கினால் ஒரு நாள் கணக்கு முடிந்துவிடும். வண்டியில் ஒரு பனிப்பெட்டி வையுங்கள், கோடையில் உறைந்த பரோட்டாவும் துருவிய தேங்காயும் வீடு வருவதற்குள் இளகிவிடும்.

மாவு அரைத்துப் புளிக்க வைப்பதைப் பலரும் கேட்கிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை மேடை மேலேயே புளித்துவிடும். குளிர்காலத்தில் ஓவனின் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள், ஓவனைச் சூடாக்க வேண்டாம். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். உள்ளே மாவு இருப்பது தெரியாமல் வீட்டில் வேறொருவர் ஓவனைச் சூடேற்றிவிடுவது நடக்கக்கூடியது.

குளிர், சைரன், மருத்துவர்

டிசம்பரில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். ஜனவரியில் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் வரும். அதற்கு ஈடாக ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பனி வடக்கு மாநிலங்களைப் போல மலையாகக் குவியாது. ஆனால் மழை உறைந்து கண்ணாடிபோல் படியும் நாட்கள் உண்டு, அந்த நாட்களில் வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது. காரில் பனி சுரண்டும் கட்டை, ஒரு போர்வை, குளிர்காலத்துக்கான கண்ணாடி கழுவும் நீர் மூன்றும் இருக்கட்டும். உறைந்த முன்கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று மிகவும் உலர்ந்துபோகும். குழந்தைகளுக்கு மூக்கில் இரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், படுக்கையறையில் ஈரப்பதக் கருவி ஒன்று வையுங்கள். தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும், அதைச் சூடான இடத்தில் வைத்துவிட்டு உடம்புக்குத் தடவுங்கள், பெரும்பாலான லோஷன்களைவிட நன்றாகக் கேட்கிறது. வைட்டமின் டி அளவை முதல் குளிர்காலத்துக்கு முன்பே மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசந்த காலத்தில் சூறாவளிச் சைரன் ஒலிக்கும். சோதனைக்காகவும் ஒலிப்பார்கள், எந்த நாள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டு வையுங்கள். கைப்பேசியில் 'வாட்ச்' என்று வந்தால் சூறாவளி உருவாகும் சூழல் இருக்கிறது என்று பொருள், 'வார்னிங்' என்று வந்தால் உருவாகிவிட்டது, உடனே ஒளிய வேண்டும். தரைக்குக் கீழே பேஸ்மெண்ட் அறை இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத நடு அறை அல்லது குளியலறை. செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், உடைந்த கண்ணாடியில் வெறுங்காலோடு நடக்க முடியாது. குழந்தைகளோடு ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

குடும்ப மருத்துவரை உடம்பு நன்றாக இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். சிறிய ஊரில் புதியவர்களுக்கு முதல் சந்திப்பு கிடைக்க வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். சாதாரணக் காய்ச்சல், வெட்டுக்காயத்துக்கு அர்ஜெண்ட் கேர், அதாவது முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய சிறு மருத்துவமனை. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பலத்த அடி என்றால் அவசர எண் 911. நள்ளிரவுக் காய்ச்சலுக்கு அவசரப் பிரிவுக்குப் போய் ஆயிரக்கணக்கில் கட்டியவர்கள் உண்டு. காப்பீட்டு அட்டையின் பின்புறம் இருக்கும் செவிலியர் எண்ணை முதலில் கூப்பிடுங்கள், இரவிலும் எடுப்பார்கள்.

பள்ளிக்கூடம்

வீட்டு முகவரியை வைத்துத்தான் பள்ளி. தடுப்பூசி அட்டையை ஊரிலிருந்து கிளம்பும்போதே ஆங்கிலத்தில், மருத்துவர் முத்திரையோடு வாங்கி வாருங்கள். பிறப்புச் சான்றிதழும் வேண்டும். பனி, மூடுபனி நாட்களில் காலை ஐந்தரை, ஆறு மணிக்குக் கைப்பேசியில் 'இரண்டு மணி நேரத் தாமதம்' என்று செய்தி வரும். பள்ளி விடுமுறை இல்லை, தாமதமாகத் தொடங்கும், அவ்வளவுதான். வேலைக்குப் போகும் பெற்றோர் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தோழி ஒருவரும் நானும் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டோம்.

நூலகத்திலிருந்து தொடங்குங்கள்

ஊரைப் பார்ப்பதற்கு எங்கே தொடங்குவது என்று கேட்டால் என் பதில் ஐந்தாம் தெருவில் இருக்கும் நூலகம். முகவரிச் சான்றைக் காட்டினால் இலவசமாக அட்டை தருவார்கள். குழந்தைகளுக்குக் கதை நேரம், பெரியவர்களுக்குக் கணினி, அமைதியான மேசைகள். எச்-4-ல் வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. இந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஐ.எம். பெய், பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடைப் பின்னாளில் கட்டியவர். நூலகம் 1969-ல் திறந்தது. முன்னால் பச்சை படிந்த வெண்கலத்தில் ஒரு பெரிய வளைவு நிற்கும், குழந்தைகள் அதன் கீழே ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். அது சிற்பி ஹென்றி மூர் செய்தது.

எதிர்ப்புறம் திரும்பினால் ஃபர்ஸ்ட் கிறிஸ்டியன் தேவாலயம், பின்லாந்திலிருந்து வந்த எலியல் சாரினென் கட்டி 1942-ல் முடித்தது. அலங்காரம் எதுவும் இல்லாமல் செங்கலும் சுண்ணக்கல்லுமாக, நெட்டையான ஒரு கோபுரத்தோடு இருக்கும். அவருடைய மகன் ஈரோ சாரினென் இதே ஊரில் ஒரு வங்கியும் ஒரு வீடும் இன்னொரு தேவாலயமும் கட்டினார். அந்த வீடு ஜே. இர்வின் மில்லர் குடும்பத்தினுடையது. கம்மின்ஸை நீண்ட காலம் நடத்தியவர் மில்லர். ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் நல்ல கட்டடங்களாக இருக்க வேண்டும் என்று நினைத்து, நாட்டின் சிறந்த கட்டடக் கலைஞர்களை அமர்த்தினால் அவர்களுடைய கட்டணத்தைக் கம்மின்ஸ் அறக்கட்டளை கட்டிவிடும் என்று ஏற்பாடு செய்தார். அப்படி முதலில் வந்தது 1957-ல் ஹாரி வீஸ் வடிவமைத்த ஷ்மிட் தொடக்கப்பள்ளி. அப்புறம் பள்ளிகள், தீயணைப்பு நிலையங்கள் என்று தொடர்ந்தது. இங்கே தீயணைப்பு நிலையத்தைக்கூடப் புகைப்படம் எடுக்க மாணவர்கள் வந்து நிற்பார்கள்.

எனக்குக் கட்டடக் கலை தெரியாது. ஆனால் என் பெண்ணை இந்த மாதிரி ஒரு பள்ளியில் விட்டுவிட்டு, வகுப்பறைக்குள் விழும் காலை வெயிலைப் பார்த்த அன்றைக்குத்தான் இந்த ஊர்மேல் எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது. பொதுப் பள்ளிக்காக யாரோ அறுபது வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். பார்வையாளர் மையத்தில் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் பேருந்துப் பயணம் உண்டு. வந்த முதல் மூன்று மாதத்துக்குள் அதில் போய்விடுங்கள். மில்லர் வீட்டுக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும்.

அதே நடையில் வாஷிங்டன் தெருவில் ஸாஹராகோஸ் ஐஸ்கிரீம் கடை. 1900-ல் கிரேக்கச் சகோதரர்கள் தொடங்கியது. பளிங்கு மேடை, பழைய இசைப்பெட்டி எல்லாம் அப்படியே இருக்கின்றன. மில் ரேஸ் பூங்கா கிழக்கு மேற்குத் தெரியாதவர்களுக்கும் கண்ணில் படும், நகர மையத்தை ஒட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கும் பீப்பிள் டிரெயிலில் ஊரின் பெரும்பகுதியை நடந்தோ சைக்கிளிலோ சுற்றிவிடலாம். மேற்கே 46-ஆம் எண் சாலையில் போனால் பிரவுன் கவுண்டி மாநிலப் பூங்கா, இண்டியானாவின் பெரிய மாநிலப் பூங்கா. அக்டோபர் நடுவில் இலைகள் நிறம் மாறும்போது வாரக்கடைசியில் கூட்டம் முட்டும். வார நாளில் போங்கள்.

ஆட்களைப் பழகுவது

பெருநகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் உறைப்பது சத்தமின்மை. இரவு எட்டு மணிக்கு மேல் தெருவில் ஆள் இருக்காது. தூரத்தில் சரக்கு ரயில் ஊதுவது படுக்கையில் கேட்கும். இந்த அமைதியைச் சிலர் ஒரே மாதத்தில் விரும்பிவிடுகிறார்கள். பலருக்கு ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு ஒரு வருஷம் ஆனது.

ஊர்க்காரர்கள் அன்பானவர்கள், ஆனால் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே வரமாட்டார்கள். நடைப்பயிற்சியில் எதிரே வருபவர் கையசைப்பார், காரில் போகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து விரலைத் தூக்குவார். பதிலுக்கு நீங்களும் செய்யுங்கள். ஒரே நேரத்தில் ஒரே பாதையில் ஒரு மாதம் நடங்கள், கையசைப்பு 'எப்படி இருக்கிறீர்கள்' ஆகும், பிறகு நின்று பேசுவார்கள். குடிவந்த முதல் வாரம் நீங்களே இரு பக்கத்து வீடுகளுக்கும் ஏதாவது இனிப்பு கொண்டுபோய்ப் பெயர் சொல்லிவிட்டு வரலாம். முந்திரி, வேர்க்கடலை இருந்தால் அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள், ஒவ்வாமை இங்கே பலருக்கு உண்டு.

ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து சாப்பிடும் விருந்தை இந்த மாநிலத்தில் 'பிட்ச்-இன்' என்பார்கள். அலுவலகத்தில், பள்ளியில், தெருவில் நடக்கும். அழைத்தால் தவிர்க்காதீர்கள். எலுமிச்சை சாதம், காய்கறிக் கட்லெட், கேசரி மூன்றுமே எல்லோருக்கும் பிடிக்கிறது. பக்கத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். நீங்கள் சைவம் என்றால் 'கோழியும் மீனும்கூட இல்லை' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், பன்றிக்கொழுப்பு போட்டு வேகவைத்த பீன்ஸைச் சைவம் என்று நல்லெண்ணத்தோடு தருவார்கள்.

தமிழர்களைத் தேடுவதற்கு அலுவலகத்தின் இந்திய ஊழியர் குழுவும், மளிகைக் கடை அறிவிப்புப் பலகையும், கோயிலும் போதும். ஒரு குடும்பம் கிடைத்தால் வாட்ஸ்அப் குழு கிடைத்துவிடும். ஆனால் அந்தக் குழுவோடு நின்றுவிடாதீர்கள். வேலை மாறி ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். எனக்கு நெருக்கமான நாலு தமிழ்க் குடும்பங்களில் மூன்று இரண்டே வருஷத்தில் டெக்சாஸ் பக்கம் போய்விட்டன. அன்றைக்கு எனக்குத் துணையாக இருந்தவர்கள் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியையும் நூலகக் கதை நேரத்தில் பழகிய மராத்தி அம்மாவும்தான்.

வீட்டோடு இருப்பவருக்கு மனம் சோர்ந்து, தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் அழுகை வந்தால் 'பழகிவிடும்' என்று விட்டுவிடாதீர்கள். குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர்கள் இதை அடிக்கடி பார்ப்பவர்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊருக்குப் பேசுவதற்கு இரவு ஒன்பது மணி நல்ல நேரம். கோடையில் அங்கே காலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அம்மா காபி போட்டுக்கொண்டே பேசுவார்.

தோட்டம்

கொஞ்சம் மண் இருந்தால் போடுங்கள். அன்னையர் தினத்துக்குப் பிறகுதான் நாற்று நட வேண்டும் என்பது இங்கத்து வழக்கு, அதாவது மே இரண்டாவது ஞாயிறு. அதற்கு முன் ஒரே இரவு உறைபனியில் எல்லாம் கருகிவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, பாகல், புடலை, அவரை எல்லாம் வரும். பாகலையும் புடலையையும் ஏப்ரலில் வீட்டுக்குள் கோப்பையில் முளைக்க வைத்தால் ஆகஸ்டில் காய்க்கும். மானும் முயலும் தின்னும், வலை கட்டுங்கள். கறிவேப்பிலையைத் தொட்டியில்தான் வளர்க்க வேண்டும். இரவில் குளிர் பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகத் தொடங்கியதும் உள்ளே எடுத்துத் தெற்குச் சன்னலோரம் வையுங்கள். இலை உதிர்ந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், மார்ச்சில் துளிர்க்கும். தண்ணீரை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மா வரும்போது

மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை அவர்களுக்கு ஏற்ற காலம். பயணிகளுக்கான மருத்துவக் காப்பீட்டை எடுங்கள், பழைய நோய்களுக்கு எந்த அளவு செல்லும் என்று படித்துப் பாருங்கள். மாத்திரைகளை முழுக் காலத்துக்கும் மருந்துச்சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

பகலெல்லாம் வீட்டில் தனியாக விட்டால் பத்தே நாளில் 'எப்போது டிக்கெட்' என்று கேட்பார்கள். காலையில் நூலகத்தில் இறக்கிவிட்டு மதியம் கூட்டி வரலாம். சனிக்கிழமை உழவர் சந்தைக்கு அழைத்துப் போங்கள், ஜூலை சோளத்தையும் தக்காளியையும் பார்த்து அப்பா விவசாயியிடம் விலையும் விளைச்சலும் கேட்க ஆரம்பித்துவிடுவார், நீங்கள் மொழிபெயர்த்தால் போதும். தனியாக நடக்கப் போகிறவர் சட்டைப்பையில் வீட்டு முகவரியும் உங்கள் எண்ணும் எழுதிய அட்டை இருக்கட்டும். இங்கே தெருக்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், வழி கேட்க ஆளும் இருக்காது.

இலை நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றால் அக்டோபர் கடைசி வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டரும் காதை மூடும் தொப்பியும் வாங்கி வையுங்கள்.